செவிச் செல்வமும் கைச் செல்வமும்

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும் நாட்களில், கணக்குப் புத்தகங்களை மூடிய பின் அங்கத்தினர்களின் தறிக் கூடங்களையும் ஒருமுறை எட்டிப் பார்த்து வருவது நம் வழக்கம். குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் காதில் இப்பொழுதெல்லாம் சிறு கருவியொன்று செருகப்பட்டிருப்பதைக் காண்கிறோம். கால் மிதிக்கிறது, கை நாடாவைச் செலுத்துகிறது, கண் பாவின் மேல் இருக்கிறது. காது மட்டும் வேறோர் இடத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்வரை அந்த இடத்தில் வானொலிப் பெட்டி இருந்தது. ஆகையால் இதனைப் புதுமை என்று வியக்கவோ, கேடு என்று வெறுக்கவோ காரணம் இல்லை.

கேட்பதனால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்குத் தஞ்சை ஜில்லாவின் பழைய செய்தி ஒன்றை நினைவூட்டலாம். 1960-களின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் அங்கே பரவியபோது, திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பே அதனை வயல்தோறும் கொண்டு சேர்த்தது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு விட்டனர். காதால் கேட்ட சொல் களத்தில் நெல்லாகக் குவிந்தது.

இன்றைய கருவியில் கேட்கப்படும் தொடர்ப் பேச்சுக்களைப் ‘பாட்காஸ்ட்’ என்கிறார்கள்; தமிழில் ‘வலையொலி’ என்றும் வழங்குகிறது. அந்த ஆங்கிலப் பெயரே 2004-ல்தான் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் தோன்றியது. வானொலி தன் நேரத்துக்கு நம்மை அழைத்தது. இதுவோ நம் நேரத்துக்குக் காத்திருக்கிறது. பெரும்பாலானவற்றைக் கேட்கக் கட்டணமும் இல்லை. ஆனால் வானொலி நிலையத்தில் பேசுபவர் யார், அவரைப் பேச அழைத்தவர் யார் என்பது தெரிந்திருந்தது. இங்கே யாரும் பேசலாம். இந்த வேற்றுமையை முன்வைத்தே இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

மஞ்சளும் கரும்பும் விளையும் ஓர் ஊர். அங்கத்தினர் ஒருவர், வீட்டில் இரண்டு தறிகள், இரண்டு ஏக்கர் நிலம். மகளின் கல்யாணத்துக்கென்று கூட்டுறவுக் கடன் சங்கத்தில் சேர்த்து வைத்திருந்த ரூ.1,80,000 நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முறித்துத் தருமாறு விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பம் விதிப்படி இருந்தது. அந்தக் கோப்பு நம் மேஜைக்கும் வந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை. பங்குச் சந்தையின் ‘ஆப்ஷன்’ வியாபாரத்தில் மாதம் நூற்றுக்கு ஐந்து கிடைக்கும் என்று வலையொலி ஒன்றில் ஆறு வாரம் கேட்டு, அதன்படி பணத்தைப் போட்டிருக்கிறார் என்பது பிறகே தெரிந்தது. நான்கு மாதத்தில் மிஞ்சியது ரூ.11,000. “எங்கூட்டு ஆளு மாதிரியே பேசுனாருங்க, சார்” என்றார். அவர் கூறிய காரணம் அது ஒன்றுதான். அந்த வியாபாரத்தில் 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இறங்கிய தனி நபர்களுள் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தனர் என்று செபி என்னும் ஒழுங்கு வாரியம் 2024 செப்டம்பரில் கணக்கிட்டு வெளியிட்டது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய். இந்தக் கணக்கை அவருக்குச் சொல்லும் கடமை நம்முடையதாக இருந்தது. சொல்லத் தவறினோம்.

அதன் பின் நாமே இந்தப் பேச்சுக்களைத் தேடிக் கேட்கலானோம். ஊர் ஊராகச் செல்லும் பஸ் பயணத்தில் நேரத்துக்குக் குறைவில்லை. கேட்டவற்றுள் பணத்தைப் பற்றியும் சரித்திரத்தைப் பற்றியும் பயனுள்ளவை என்று கண்ட சிலவற்றை இங்கே கூறுகிறோம். இவை ஆங்கிலத்தில் உள்ளவை என்பது குறையே. அதற்குச் செய்யத்தக்கதைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில் கேட்கத்தக்கது அமெரிக்க வானொலியில் 2008 மே மாதம் ஒலிபரப்பான ‘பணத்தின் பெருங்குளம்’ என்னும் ஒரு மணி நேரப் பேச்சு. ‘திஸ் அமெரிக்கன் லைஃப்’ என்னும் தொடரைச் சேர்ந்தது. அந்நாட்டில் வீட்டுக் கடன்கள் எவ்வாறு சீர்கெட்டன என்பதை, கடன் வாங்கியவர், கொடுத்தவர், அதனை விலைக்கு வாங்கியவர் ஆகிய அனைவர் வாயாலுமே சொல்ல வைத்திருக்கிறார்கள். வருமானத்துக்கு அத்தாட்சி கேளாமலே கடன் தந்தார்கள். தந்தவர் அதனை வைத்துக்கொள்ளாமல் இன்னொருவருக்கு விற்றார். அவர் பல கடன்களை மூட்டையாகக் கட்டி மற்றொருவருக்கு விற்றார். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு கமிஷன். கடன் திரும்ப வருமா என்ற கவலை ஒருவருக்கும் இல்லை, ஏனெனில் அது வர வேண்டிய இடம் அவர்களுடைய பெட்டி அன்று. ஜாமீன்தாரரின் முகத்தைப் பாராமலே கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் நிர்வாகக் குழு அன்பர்கள் இதனை இருமுறை கேட்கலாம்.

இப்பேச்சின் வெற்றியிலிருந்து அதே ஆண்டில் பிறந்ததுதான் ‘பிளானட் மணி’ என்னும் தொடர். நம் வாசகர்களுக்கு மிகவும் உகந்த பகுதி 2013-ல் வெளிவந்தது. தொடரை நடத்துவோர் தாங்களே ஒரு பனியன் சட்டையைச் செய்விக்க முடிவு செய்து, அதற்கென்று கேட்பவர்களிடமே முன்பணம் திரட்டினார்கள். சுமார் 20,000 பேர் பணம் கட்டினர். பிறகு அந்தச் சட்டை போன வழியெல்லாம் தாங்களும் போனார்கள். பருத்தி அமெரிக்காவின் மிசிசிப்பியில் விளைந்தது. ஆண்கள் சட்டைக்கு நூல் இந்தோனேசியாவில் நூற்கப்பட்டு, வங்காள தேசத்தில் சட்டையாகத் தைக்கப்பட்டது. பெண்கள் சட்டை தென்னமெரிக்காவின் கொலம்பியாவில் தயாராயிற்று. உடுத்திக் கழித்த சட்டைகள் கென்யாவின் நைரோபிச் சந்தைக்குப் போய்ச் சேர்வது வரை தொடர்ந்து பார்க்கிறார்கள்.

அவ்வாண்டு ஏப்ரல் 24-ம் தேதிதான் டாக்கா அருகே ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அதற்குப் பின்னரே அந்நாட்டில் இத்தொழிலின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்காவிலிருந்து 5,300 டாக்காவாக உயர்ந்தது. பருத்தி விளைவிப்போரும் துணி நெய்வோரும் ஒரே பத்திரிகையை வாசிக்கும் நம்மைப் போன்றோர்க்கு, ஒரு துணியின் விலை எந்தெந்தக் கைகளில் எவ்வளவு தங்குகிறது என்ற விவரம் கதையைக் காட்டிலும் சுவையானது. ஒன்று சொல்ல வேண்டும்: அது பின்னலாடையின் கதை, கைத்தறியின் கதை அன்று. நம் புடவைக்கு அத்தகைய கதையை யாராவது சொன்னால் நாம் முதல் வரிசையில் அமர்ந்து கேட்போம்.

சரித்திரத்தில் நமக்கு நேரே உறவுள்ளது ‘எம்பயர்’ என்னும் தொடர். அனிதா ஆனந்தும் வில்லியம் டால்ரிம்பிளும் 2022 முதல் நடத்துகிறார்கள். தொடக்கமே கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றியது. கம்பெனி 1639-ல் சென்னைக் கரையில் இடம் பெற்றதற்கு முக்கியமான காரணம், இப்பக்கத்துத் துணி மலிவாகவும் தரமாகவும் கிடைத்ததே ஆகும். வியாபாரிகள் வழியாக நெசவாளருக்கு முன்பணம் தருவது அக்கால வழக்கம். முன்பணம் வாங்கியவர் பிறருக்கு நெய்ய முடியாது; விலையையும் கொடுத்தவரே பேசுவார். இதை வாசிக்கும் அங்கத்தினர்களில் சிலர், சங்கத்தில் சேர்வதற்கு முன் தாம் பட்டதை இங்கே நினைத்துக்கொள்ளக்கூடும். மைக் டங்கன் என்பவர் 2007 முதல் 2012 வரை தனியொருவராய்ப் பேசி முடித்த ரோமாபுரிச் சரித்திரமும் நன்று. ஆனால் மிக நீளம், தை முதல் ஆனி வரை வரும்.

பி.பி.சி. வானொலியில் 1998-ல் தொடங்கிய ‘இன் அவர் டைம்’ தொடரில் பேராசிரியர் மூவர் ஒரு பொருளைப் பற்றி உரையாடுவர். அதில் ‘தென்கடல் குமிழி’ பற்றிய பேச்சைத் தேடிப் பிடிக்கலாம். 1720 தொடக்கத்தில் ஏறத்தாழ 128 பவுன் விலைக்கு விற்ற அந்தக் கம்பெனிப் பங்கு, கோடையில் 1,000 பவுனை எட்டியது; செப்டம்பர் முடிவில் 200-க்கும் கீழே கிடந்தது. ஐசக் நியூட்டன் முதலில் லாபத்தோடு விற்று வெளியேறியவர், விலை ஏறுவதைக் கண்டு பொறுக்க மாட்டாமல் மீண்டும் வாங்கிப் பெருந்தொகை இழந்தார். அவர் அப்பொழுது அரசாங்க நாணயச் சாலையின் தலைவர்! நம் மஞ்சள் ஊர் அன்பருக்கு இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு சிரித்தார்.

சொந்தப் பண நிர்வாகம் பற்றி மட்டும் பேசும் தொடர்களில் நாம் எச்சரிக்கையோடுதான் ஒன்றைக் கூற வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் டேவ் ராம்சி என்பவர் 1992 முதல் பேசி வருகிறார். தாமே 1988-ல் திவாலானவர். கடன்களில் சிறியதை முதலில் தீர்த்துவிடு என்பது அவர் முறை. கணக்குப்படி பார்த்தால் வட்டி மிகுந்ததை முதலில் தீர்ப்பதே லாபம். ஆயினும் ஒரு கடன் தீர்ந்த நிம்மதியில் அடுத்ததைத் தீர்க்க ஊக்கம் பிறக்கும் என்கிறார். அது மனித சுபாவம் அறிந்த பேச்சு. ஆனால் அவர் கூறும் ஓய்வுக்காலச் சேமிப்பும் வரிச் சலுகையும் அந்நாட்டுச் சட்டத்தைச் சார்ந்தவை. நகைக் கடனும் பயிர்க் கடனும் நூல் பாக்கியும் உள்ள வீட்டுக்கு அவற்றை அப்படியே பெயர்த்து நடக் கூடாது.

தமிழிலும் பணப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கேட்கும் முன் இரண்டு கேள்விகள் போதும் என்று எண்ணுகிறோம். பேசுபவர் எதையாவது விற்கிறாரா? குறிப்பிட்ட பங்கை வாங்கச் சொல்கிறார் என்றால், செபியின் பதிவு எண் அவருக்கு உண்டா? கல்விக்காகப் பேசுகிறோம் என்போர், கடந்த மூன்று மாதச் சந்தை விலைகளைக் காட்டிப் பேசக் கூடாது என்று 2025 ஜனவரி 29-ல் அந்த வாரியம் தெளிவாக்கியிருக்கிறது. ‘நேற்று வாங்கியிருந்தால் இன்று இவ்வளவு’ என்று ஒரு குரல் தொடங்கினால், தறியை நிறுத்தாமலே கருவியைக் காதிலிருந்து எடுத்துவிடலாம்.

ஆங்கிலம் பற்றிக் கூறுவதாகச் சொன்னோம். அதே ஊரின் சங்கத்தில், மாதக் கூட்டம் தொடங்குமுன் அரை மணி நேரம் கேட்பது என்று காரியதரிசியும் நாமும் ஏற்பாடு செய்தோம். கல்லூரியில் படிக்கும் அங்கத்தினர் மகள் ஒருத்தி, சிறிது சிறிதாக நிறுத்தித் தமிழில் சொன்னாள். முதல் நாளுக்கு டிம் ஹார்ஃபோர்டு பி.பி.சி.யில் பேசிய ‘நவீன பொருளாதாரத்தை உருவாக்கிய ஐம்பது பொருள்கள்’ என்னும் தொடரிலிருந்து, கணக்குக் குச்சி பற்றிய பகுதியைத் தேர்ந்தோம். பத்து நிமிஷங்கூட இல்லை.

இங்கிலாந்து அரசாங்கக் கருவூலம் பல நூற்றாண்டு காலம் கடனை மரக்குச்சியில் வெட்டித்தான் பதிந்தது. உள்ளங்கையின் தடிமன் அளவு வெட்டினால் 1,000 பவுன். ஒரு பார்லி மணியின் அளவு வெட்டினால் ஒரு பவுன். பிறகு குச்சியை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கொடுத்தவரும் மறு பாதியை வாங்கியவரும் வைத்துக்கொள்வர். இரண்டையும் சேர்த்தால் வெட்டும் பொருந்த வேண்டும், மரத்தின் ரேகையும் பொருந்த வேண்டும். ஒருவர் மட்டும் மாற்றி எழுத வழியில்லை. காகிதக் கணக்கு வந்து குச்சிகள் வேண்டாதவையானபின், 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபையின் அடுப்பில் அவற்றைப் போட்டு எரித்தார்கள். அன்றிரவு பார்லிமெண்டுக் கட்டடமே எரிந்து போயிற்று. கூட்டத்தில் நல்ல சிரிப்பு.

சிரிப்பு அடங்கியதும் எழுபது வயதான பெரியவர் ஒருவர் எழுந்து, தம் மடியிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுத்தார். “அந்த இன்னொரு பாதி உங்ககிட்டத்தானுங்களே இருக்குது? சேத்துப் பாத்துரலாமுங்களா?” என்றார். பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லிச் சேர்த்துப் பார்த்தோம். ஐப்பசியில் அவர் கட்டிய ரூ.500-க்கு ரசீது இருந்தது, புத்தகத்தில் வரவு இருந்தது, பேரேட்டில் இல்லை. வேறொருவர் கணக்கில் தவறிப் பதிவாகியிருந்தது. காரியதரிசி முகம் சிவந்தாலும், அங்கேயே திருத்திக் கையொப்பமிட்டார். மறு மாதக் கூட்டத்துக்கு 41 பேர் பாஸ் புத்தகத்தோடு வந்திருந்தனர். வலையொலி கேட்க அன்று நேரம் கிடைக்கவில்லை.