கழிவுலோகமும் கணக்கும்

செம்பு, அலுமினியம், ஈயம், நாகம், வெள்ளீயம் முதலியவற்றை இரும்பல்லா உலோகங்கள் என வகுப்பர். இவை கொண்டு செய்த பொருள் உடைந்தாலும் உலோகம் தன் பெறுமதியை இழப்பதில்லை. பழைய பித்தளைக் குடத்தை நிறுத்துக் கொடுத்துப் புதுக்குடம் வாங்கும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உள்ளது. அவ்வழக்கத்தின் அடியிலுள்ள பொருளியல் யாது என்பதையும், அதிற் காணப்படும் இலாபம் எப்போதும் இலாபந்தானா என்பதையும் இங்கே ஆராய்வாம்.

கழிவு பல வேளைகளில் தாதுவிலும் செறிவுடையது. இன்று அகழப்படும் செப்புத் தாதுக்களிற் பலவற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு செம்புதானும் இல்லை. ஒரு தொன் செம்பு பெற நூறு தொன்னுக்கு மேற்பட்ட பாறையை உடைத்து அரைத்தல் வேண்டும். உரித்த மின்கம்பியோ ஏறக்குறைய முழுவதும் செம்பே. அலுமினியத்தில் இவ்வேறுபாடு இன்னும் பெரிது. 1886 இலே அமெரிக்கராகிய ஹோலும் பிரான்சியராகிய எரூவும் தனித்தனியே கண்ட மின்பகுப்பு முறையாலேயே அது இன்றும் பிரிக்கப்படுகின்றது. ஒரு கிலோவுக்கு 13 முதல் 15 வரையான கிலோவாற்றுமணி மின்சாரம் செலவாகும். பழைய அலுமினியமோ 660 பாகை செல்சியசில் உருகிவிடும். அதற்கு வேண்டிய சத்தி, முதலுற்பத்திக்கு வேண்டியதில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கேயாம்.

அங்ஙனமாயின் கழிவுலோக வாணிபம் செய்வோர் யாவரும் செல்வராதல் வேண்டுமன்றோ? அவ்வாறாகாமைக்குக் காரணம், கழிவின் விலை ஒரு கழித்தற் கணக்கின் மீதியாயிருத்தலே. தூய செம்பின் விலை கிலோ 100 ரூபா எனவும், நூறு கிலோ பழைய கம்பியில் 60 கிலோ செம்பு உண்டெனவும் ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெறுமதி 6000 ரூபா. சேகரித்தல், ஏற்றியிறக்கல், உரித்தல், உருக்கல், தூய்மைசெய்தல் ஆகியவற்றுக்கு 1500 செல்லின் மீதி 4500. விற்பவர், இடையாள், உலைக்காரர் மூவரும் பங்கிட வேண்டியது இத்தொகையே. செம்பின் விலையோ 1877 இல் நிறுவப்பட்ட இலண்டன் உலோகச் சந்தை போன்ற இடங்களிலே முடிவாகின்றது. அது நாலிலொன்று வீழ்ந்தாற் பெறுமதி 4500 ஆகும், செலவு குறையாது, மீதி 3000 ஆகி மூன்றிலொன்று வீழும். சந்தை சற்றுச் சரிந்தவுடன் தெருவிற் பழைய சாமான் வாங்க வருவோர் விலையை வெகுவாகக் குறைப்பதற்குப் பேராசை மட்டும் காரணமன்று, இக்கணக்கும் காரணமாம்.

செலவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரிதும் தரம்பிரித்தலே. செம்பை உருக்கும்போது அதனோடு கலந்த இரும்பு முதலியன முந்தி ஒட்சிசனோடு சேர்ந்து கசடாகப் பிரியும். எஞ்சிய மாசை மின்பகுப்பால் நீக்கலாம். பொன்னும் வெள்ளியும் இருப்பின் அவையும் அடியிற் படிந்து கிடைக்கும். அலுமினியத்தின் இயல்பு இதற்கு மறுதலை. ஒட்சிசனை அதுவே முந்திப் பற்றும். ஆதலால் இரும்பும் செம்பும் சிலிக்கனும் உருகிய அலுமினியத்திலேயே தங்கிவிடும். ஆணி நீக்காது உருக்கிய அலுமினியத்தைத் திருத்தத் தூய அலுமினியம் சேர்த்து ஐதாக்கலே எளிய வழி. அதற்குச் செலவு மிகும். எனவே அலுமினியத்தின் ஆதாயம் உலைக்கு முன்னே பிரிக்கும் கையிலே பிறக்கின்றது எனலாம்.

ஈயத்தின் கணக்கோ வேறு. அது 327 பாகையிலேயே உருகும். உலகில் உற்பத்தியாகும் ஈயத்திற் பாதிக்கு மேல் பழைய பொருள்களினின்றே, சிறப்பாக மோட்டார் வண்டிகளின் பற்றரிகளினின்றே, பெறப்படுகின்றது. கொல்லைப்புறத்து அடுப்பிலும் அதனை உருக்கலாம் என்பதே அதன் ஆபத்து. செனகல் நாட்டுத் தலைநகராகிய டாக்காரை அடுத்த தியாரோய் சூர் மேரிலே, பழைய பற்றரிகளினின்று ஈயமெடுக்கப்பட்ட ஓரிடத்தில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் மாண்டனர். உலக சுகாதார நிறுவனம் ஆராய்ந்தபோது, அங்குள்ள ஏனைய குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் மிக்கிருந்தது. விற்றவரும் வாங்கியவரும் கொடாத விலையை அக்குழந்தைகள் கொடுத்தனர்.

இங்கே மேற்கூறிய கழித்தற் கணக்கை மீண்டும் நோக்குவோம். புகைவடிகட்டி, அமிலத்தை நடுநிலையாக்கல், தொழிலாளர் காப்பு ஆகியவற்றுக்குச் செலவிடும் ஆலைக்கு மீதி குறைவு. ஆகவே பழைய பற்றரிக்கு அது கொடுக்கக்கூடிய விலையும் குறைவு. இவற்றுக்கு ஒரு சதமும் செலவிடாத கொல்லைப்புற உலை கூடிய விலை கொடுக்கும். சந்தையை அதன் போக்கிலே விட்டாற் பற்றரி தீய உலையையே நாடும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பல மாநிலங்களில், புதிய பற்றரி வாங்குவோரிடம் ஒரு தொகை பெற்று, பழையதைக் கொணர்ந்தபின் திருப்பிக் கொடுக்கும் முறை உண்டு. அந்நாட்டிற் பழைய பற்றரிகள் ஏறக்குறைய முழுவதும் மீட்கப்படுகின்றன.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. பற்றரியை உடைக்காது முழுதாகவே விற்றவரிடம் ஒப்புவித்தல், உறை நீக்கக் கம்பியை எரியாதிருத்தல், அலுமினியத்தை இரும்பினின்று பிரித்துவைத்தல் என்னும் மூன்றும் எவ்வீட்டிலும் இயல்வன. விலை சற்றுக் குறைந்தாலும் நேர்வழியில் நடக்கும் ஆலைக்கே கொடுத்தல் நன்று; அக்குறைவு நம் அயலிலுள்ள குழந்தைகளின் பொருட்டு நாம் செலுத்தும் பங்காகும்.