சொல்லுக்கு ஒரு வக்காலத்து – 17
பேரளத்தில் ராஜத்துரோகம், திருநள்ளாற்றில் இல்லை

சிறுமலைப் பயணத்தின் படத்துக்குக் கீழே 'துப்பாக்கிப் பயிற்சி' என்று வேடிக்கையாக எழுதியவரை ரிமாண்ட் செய்ய வாடிப்பட்டி மாஜிஸ்திரேட் 2021இல் மறுத்தாரே, சென்ற வாரம் அங்கே நிறுத்தியிருந்தேன். ரிமாண்டை எதிர்த்து மனு எழுத சட்டக் கல்லூரியின் சட்ட உதவி கிளினிக்கில் எப்படிப் பழக்குகிறோம் என்று இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் ஓர் அடிக்குறிப்பு என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது.

கிளினிக்கில் பழைய இந்தியத் தண்டனைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, முதல் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினாள். "சார், நீங்க திருநள்ளாறுதானே? இந்தச் சட்டம் உங்க ஊருக்கு வந்ததே 1963லதான்னு போட்டிருக்கே."

படித்துப் பார்த்தேன். 1963ஆம் ஆண்டின் 7ஆம் ஒழுங்குவிதி. தண்டனைச் சட்டம் புதுச்சேரிப் பகுதிகளுக்கு விரிவாக்கப்பட்டது 1963 அக்டோபர் 1 முதல். காரைக்கால் கோர்ட்டில் இத்தனை காலம் ஏறி இறங்கியும் இந்தத் தேதியின் பொருளை நான் யோசித்ததே இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

124ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவு பிரிட்டிஷ் இந்தியாவின் தண்டனைச் சட்டத்தில் நுழைந்தது 1870இல். பேரளம் அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் தஞ்சை ஜில்லா. அங்கே அன்று முதல் அது அமலில் இருந்தது. அம்பகரத்தூரில், பிரெஞ்சுக் காரைக்காலின் திருநள்ளாறு கொம்யூனுக்குள் கால் வைத்தால் பிரெஞ்சுச் சட்டம். ஒரே நாளில் நடந்தே போய்வரக்கூடிய தூரம்தான். வயலும் வாய்க்காலும் ஒன்று, கொண்டான் கொடுத்தானும் ஒன்று. ஆனாலும் பேரளத்தில் 124ஏ பாயும் பேச்சுக்கு இந்தப் பக்கம் அந்தப் பிரிவே கிடையாது. 93 ஆண்டுகள் இப்படி.

இங்கே என்ன சட்டம் இருந்தது? 1881 ஜூலை 29ஆம் தேதிய பிரெஞ்சுப் பத்திரிகைச் சட்டம். பத்திரிகை தொடங்க முன் அனுமதி வேண்டாம், ஜாமீன் தொகை வேண்டாம், அறிவிப்புக் கொடுத்தால் போதும் என்றது அது. காலனிகளுக்கும் பொருந்தும் என்று அதிலேயே ஒரு பிரிவு உண்டு. சென்னை மாகாணத்திலோ 1910ஆம் ஆண்டு அச்சகச் சட்டம். 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் தம் 'நியூ இந்தியா' பத்திரிகைக்காக 2,000 ரூபாய் ஜாமீன் கட்டினார். அதைப் பறிமுதல் செய்துவிட்டு 10,000 கேட்டார்கள்.

பாரதி 1908இல் புதுச்சேரிக்குப் போனதன் பின்னணியும் இந்தச் சட்ட வேறுபாடுதான். 'இந்தியா' பத்திரிகைக்கு ஆசிரியராகச் சென்னையில் பதிவாகியிருந்த சீனிவாசனுக்கு ராஜத்துரோக வழக்கில் ஐந்தாண்டு தண்டனை. அதே பத்திரிகை எல்லை தாண்டி மறுபடி வெளிவந்தது. அதை அச்சிடுவதைத் தடுக்க முடியாத பிரிட்டிஷ் அரசு, தன் பகுதிக்குள் வருவதைத் தடுத்தது. ஏடு 1910இல் நின்றுபோனது.

பிரெஞ்சுக்காரர்களை நான் புகழ வரவில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில் தொழிலாளர்கள் மீது சுட்டார்கள்; 12 பேர் செத்தார்கள். தாளில் இருந்த சுதந்திரம் தெருவில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

வெளியூர் மாணவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் சனி பகவானும் நளன் குளமும்தான். நான் அவர்களுக்குப் பச்சைப் பதிகத்தைச் சொல்வேன். மதுரையில் சமணரோடு அனல் வாதம். சம்பந்தர் ஏட்டுக் கட்டில் கயிறு சாத்தி எடுத்தபோது வந்தது திருநள்ளாற்றுப் பதிகம். நெருப்பில் இட்ட அந்த ஏடு கருகாமல் பச்சையாகவே இருந்தது என்கிறது பெரியபுராணம். நெருப்பில் போட்டும் அழியாத சொல் எங்கள் ஊர்ச் சொல் என்பதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெருமை.

விஷயத்துக்கு வருகிறேன். 1962 ஜனவரியில் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறைக்கோ பொது அமைதிக் குலைவுக்கோ தூண்டினால்தான் 124ஏ செல்லும் என்று சுருக்கியது. ஆக, அந்தப் பிரிவு திருநள்ளாற்றுக்குள் நுழைந்ததே நகம் வெட்டப்பட்ட பிறகுதான். பிரிட்டிஷ் காலத்து முழு 124ஏ எங்கள் ஊரில் ஒரு நாள்கூடச் சட்டமாக இருந்ததில்லை! 2022 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு அந்த இடத்தில் நிற்கிறது.

இந்த மண்ணின் சட்ட வரலாறு எங்களைக் காப்பாற்றிவிட்டதா? இல்லை. 2012 அக்டோபர் 30 அன்று புதுச்சேரித் தொழிலதிபர் ஒருவரை, அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ஒரு ட்வீட் போட்டதற்காகக் கைது செய்தார்கள். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது 16 பேர்தான் என்று பத்திரிகைகள் எழுதின. போட்ட பிரிவு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ. அதே ஆண்டு ஷ்ரேயா சிங்கல் என்ற இளம்பெண் தொடுத்த வழக்கில்தான் 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு செத்தது. அதற்குப் பிறகும் ஸ்டேஷன்களில் 66ஏ-யில் எஃப்.ஐ.ஆர். போடுவதைக் கேட்டு 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்தது.

அதனால்தான் மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வது: பேச்சுரிமை டெல்லியில் ஜெயிக்கலாம், ஆனால் தோற்பது கைதான முதல் 24 மணி நேரத்தில். 66ஏ-க்கு இருந்த அதிகபட்சத் தண்டனை மூன்றாண்டு. ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றத்தில் எடுத்தவுடன் கைது செய்யாமல் முதலில் நோட்டீஸ் கொடு என்பது 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு. இதை மாஜிஸ்திரேட் முன் யாராவது எழுந்து சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கிளினிக் பேராசிரியரே மாணவர்களோடு கோர்ட்டுக்குப் போகலாம். இங்கே பார் கவுன்சில் விதிப்படி முழுநேரச் சம்பள ஆசிரியர் வழக்காட முடியாது. என்னைப்போல் வக்கீல் தொழில் செய்பவர் நாளைக்கு மூன்று மணி நேரம் வரை பாடம் நடத்தலாம். கிளினிக்கைக் கல்லூரிக்குக் கட்டாயமாக்கிவிட்டு, அதன் ஆசிரியரைக் கோர்ட் வாசலில் நிறுத்திவிட்டோம். இது தவறு. மாற்றியே ஆக வேண்டும்.

மனு அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் திருநள்ளாறு, நெடுங்காடு, நிரவிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் 1963க்கு முந்தைய துண்டறிக்கையோ பத்திரிகையோ வழக்குத் தாளோ இருந்தால் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். படமெடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள்.