கோமாளி மீனின் முகவரி

கோமாளி மீனை அடையாளம் காண்பது எளிது என்றே பலரும் நினைக்கின்றனர். ஆரஞ்சு நிற உடல், மூன்று வெள்ளைப் பட்டைகள், அவ்வளவுதானே? 2003ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃபைண்டிங் நீமோ’ திரைப்படத்தைப் பார்த்த சிறுபிள்ளைகூட அதைச் சுட்டிக்காட்டிவிடும். ஆனால், இதே தோற்றத்தில் இரண்டு இனங்கள் உள்ளன. ஒன்று ஒசெல்லாரிஸ், மற்றொன்று பெர்குலா.

பெர்குலாவின் வெள்ளைப் பட்டைகளை ஒட்டிய கறுப்புக் கோடு பொதுவாகத் தடித்திருக்கும். ஒசெல்லாரிஸ் மீனில் அது மெல்லியது. முதுகுத் துடுப்பிலுள்ள முட்கள் ஒசெல்லாரிஸுக்குப் பெரும்பாலும் 11, பெர்குலாவுக்குப் பெரும்பாலும் 10. ஆனால், துள்ளி நீந்தும் மீனின் முள்ளை எண்ணுவது யாரால் முடியும்?

இங்கேதான் வாழிடம் துணைக்கு வருகிறது. பெர்குலாவின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கடலும் பாப்புவா நியூகினியை ஒட்டிய பகுதிகளும் ஆகும். தென்கிழக்காசியக் கடல்களில் வாழ்வது ஒசெல்லாரிஸ். எனவே, நமது சிஸ்டர்ஸ் தீவுகளின் பவளப்பாறையில் காண்பதை ஒசெல்லாரிஸ் என்று துணிந்து சொல்லலாம். சிராங்கூன் சாலைக் கடையொன்றின் கண்ணாடித் தொட்டியில் நீந்தும் மீனுக்கு இவ்வழி பயன்படாது. அங்கே கோட்டின் தடிப்பைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூர்க் கடலில் தக்காளிக் கோமாளி மீனும் உண்டு. வளர்ந்த மீனுக்குத் தலையருகே ஒரே வெள்ளைப் பட்டைதான். குஞ்சுகளுக்கோ இரண்டு மூன்று பட்டைகள் இருப்பதுண்டு! அப்போது அது குடியிருக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும். கோமாளி மீன்களின் வீடு கடற்சாமந்தி. பூவைப் போலத் தோன்றினாலும் அது கொட்டும் இழைகளை உடைய விலங்கு. தக்காளிக் கோமாளி, இழைநுனி குமிழாகப் பருத்த கடற்சாமந்தியை நாடும். ஒசெல்லாரிஸை, கம்பளம் விரித்தாற்போன்ற பெரிய கடற்சாமந்தியில் காணலாம். கடல் வற்றும் நேரத்தில், அதன் குட்டை இழைகளுக்கிடையே தேங்கிய சிறிதளவு நீரில் அம்மீன் பதுங்கியிருக்கும்.

இந்த வீடு இல்லாமல் கோமாளி மீன் பிழைப்பது அரிது. பெரிய மீன்கள் அதை விழுங்கிவிடும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமடைந்தபோது சிங்கப்பூரின் பவளங்கள் வெளுத்தன. அத்தகைய வெப்பத்தில் கடற்சாமந்திகளும் வெளுக்கின்றன. உடலுக்குள் வாழ்ந்து உணவளிக்கும் நுண்பாசிகளை இழந்து சுருங்குகின்றன. ஆகவே, கோமாளி மீனைப் பதிவுசெய்பவர் அதன் பட்டைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், அது எந்தக் கடற்சாமந்தியில் இருந்தது, அந்தக் கடற்சாமந்தி வெளுத்திருந்ததா என்பதையும் குறித்துக்கொள்வது நல்லது.