பி.ஏ. ஆங்கிலம் முடித்தாயிற்று, அடுத்து என்ன?

வீரசோழன், திருச்சுழி வட்டாரத்தில் பி.ஏ. ஆங்கிலம் முடித்த பிள்ளைகளிடம், "இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். பதில் தெரியாததால், பட்டமே தேவைப்படாத வேலைக்கு வளைகுடா விமானம் ஏறும் தம்பிகள் பலர். ஆனால், வழிகள் உண்டு.

ஆசிரியர் பணி: பி.எட். 2 ஆண்டுகள். அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகத் தகுதித் தேர்வின் தாள் 2, பிறகு போட்டித் தேர்வு. எம்.ஏ.வும் பி.எட்.டும் இருந்தால் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். கல்லூரியில் கற்பிக்க எம்.ஏ.வுடன் நெட் அல்லது செட் தேர்ச்சி வேண்டும்.

அரசுப் பணி: குரூப் 1, குரூப் 2, வங்கி அதிகாரி தேர்வுகளுக்குப் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். வங்கித் தேர்வில் ஆங்கிலத்துக்குத் தனிப் பகுதியே உண்டு. நம் பிள்ளைகளுக்கு அது சாதகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாள்கள் திருத்தப்படமாட்டா. கல்லூரியில் தமிழுக்குப் பதில் அரபி எடுத்தவர்கள் பள்ளித் தமிழ்ப் புத்தகங்களை இன்றே கையில் எடுக்க வேண்டும்.

மாநில அரசுப் பணிகளில் 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உள்ளது. அதற்கான சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மத்திய அரசுப் பணிக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனி.

தனியார் துறை: பதிப்பகம், செய்தி நிறுவனம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் வாய்ப்புண்டு. அரபி, தமிழ், ஆங்கிலம் மூன்றும் அறிந்த மதரஸா மாணவருக்கு மொழிபெயர்ப்பு நல்ல துறை.

வளைகுடா செல்வது தவறல்ல. பட்டத்துக்கேற்ற வேலைக்கு முயன்று பார்த்துவிட்டுச் செல்லட்டும் என்பதே நம் வேண்டுகோள்.