"இன்னும் ஒரே ஒரு ஆட்டம்": கேம்ஸ் நம்மைப் பிடித்து வைப்பது எப்படி?

கேம்ஸ் விளையாடாத கம்ப்யூட்டர் பயனாளரைக் காண்பது அரிது. 1990ல் விண்டோஸ் 3.0 உடன் வந்த சாலிடேர் சீட்டாட்டம் முதல் இன்றைய மொபைல் துப்பாக்கிச் சண்டை வரை, "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று சொல்லிக்கொண்டே நள்ளிரவைத் தாண்டிய அனுபவம் நம்மில் பலருக்கும் உண்டு. ஏன் எழுந்திருக்க முடிவதில்லை? சாஃப்ட்வேர் எழுதுவதே தொழிலாக இருந்தும் இதை நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவன் என் அக்கா மகன்.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை எங்கள் ஊர். கல்மரப் பூங்காவும் வக்கிரகாளியம்மன் கோவிலும் உள்ள ஊர் என்றால் பலருக்குத் தெரியும். விடுமுறைக்குப் போனபோது அக்கா, "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவனாச்சே தம்பி, இவனை எப்படியாவது நிறுத்து. ராத்திரி ஒரு மணி வரைக்கும் போனும் கையுமா கிடக்கிறான்" என்றார். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பாடங்களில் பெயில் வேறு. நான் உடனே கேமை அன்இன்ஸ்டால் செய்துவிட்டேன்.

மறுநாள் மாலை பையனைக் காணவில்லை. ஊரெல்லாம் தேடி, இரவு ஒன்பது மணிக்கு ஒரு நண்பன் வீட்டில் கண்டுபிடித்தோம். அங்கும் அதே கேம்தான். திட்டப் போன என்னிடம், "நான் இல்லாட்டி டீம் தோத்துடும் மாமா" என்றான். விடை அந்த வரியிலேயே இருந்தது.

மூன்று தேவைகள்

ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள் 2006ல் வெளியிட்ட கட்டுரையில், கேம்ஸ் நம் மனதின் மூன்று தேவைகளை நிறைவேற்றுகின்றன என்று விளக்கினர். "என்னால் முடியும்" என்ற திறமை உணர்வு முதலாவது. "நானே முடிவெடுக்கிறேன்" என்ற சுதந்திரம் இரண்டாவது. "என்னை நாலு பேர் நம்பியிருக்கிறார்கள்" என்ற உறவு மூன்றாவது.

எங்கள் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கடைசி பெஞ்ச். வீட்டில் அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேமிலோ அவன் நான்கு பேர் அணிக்குத் தலைவன். கணக்குத் தேர்வின் மார்க் வர ஒரு வாரம் ஆகும். கேமில் செய்த தவறு அடுத்த நொடியே தெரியும், உடனே திருத்திக் கொள்ளலாம்.

பரிசுப் பெட்டிக்குள் என்ன?

இதற்கு மேல் ஒரு தந்திரமும் உண்டு. உளவியலாளர் ஸ்கின்னர், எலிகளையும் புறாக்களையும் வைத்துச் சோதனைகள் செய்தார். எத்தனையாவது முறை இரை விழும் என்று கணிக்க முடியாதபடி வைத்தபோது, அவை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தன. கேமில் வரும் பரிசுப் பெட்டியும் இதே முறைதான். உள்ளே இருப்பதைத் தீர்மானிப்பது சில வரி புரோகிராமும் ஒரு ரேண்டம் எண்ணும். "அடுத்ததில் கிடைத்துவிடும்" என்ற எண்ணம்தான் நம்மைப் பிடித்து வைக்கிறது. தினமும் லாகின் செய்தால் பரிசு, ஒரு நாள் விட்டால் வரிசை போச்சு என்பதும் இந்த ரகமே.

தடை போதுமா?

இந்தியாவில் பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. 2021ல் அதே வகை விளையாட்டு பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. அதுவும் 2022ல் நிறுத்தப்பட்டு 2023ல் திரும்பியது. கேமின் பெயர் மாறலாம், மனதின் தேவை மாறுவதில்லை. நான் அன்இன்ஸ்டால் செய்ததும் இப்படித்தான் வீணானது.

பணம் கட்டி ஆடுவது வேறு விஷயம். அங்கே தோற்பது ஸ்கோர் அல்ல, குடும்பத்தின் சம்பளம். தமிழக அரசின் 2022ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2025ல் வந்த விதிகள், பண விளையாட்டுகளை நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை நிறுத்தச் சொல்லின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், ஆன்லைன் பண விளையாட்டுகளையே தடை செய்தது.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. "பத்து நிமிடத்தில் நிறுத்து" என்பதைவிட "இந்த மேட்ச் முடிந்ததும் நிறுத்து" என்று சொல்லுங்கள். பாதியில் எழுந்தால் அணி தோற்கும் என்பதால்தான் சண்டையே வருகிறது.

2. ஆண்ட்ராய்ட் போனில் செட்டிங்ஸ் சென்று, டிஜிட்டல் வெல்பீயிங் பிரிவில் அந்தக் கேமுக்கு தினசரி நேர அளவு அமைத்திடுங்கள். கேமின் நோட்டிபிகேஷன்களையும் நிறுத்திவிடுங்கள்.

3. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்ட் கேட்கும்படி அமைத்திடுங்கள்.

4. கட்டுப்பாடு இழப்பது, மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது: இவை சுமார் 12 மாதங்கள் நீடித்தால், உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 பட்டியல் அதை ஒரு குறைபாடாகவே கருதுகிறது. அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416.

நான் என்ன செய்தேன்? கேமை மீண்டும் இன்ஸ்டால் செய்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுத் தரச் சொன்னேன். மூன்று மேட்ச்களிலும் முதல் ஆளாக நான்தான் செத்தேன். "பரவாயில்ல மாமா, முதல்ல ஒளிஞ்சுக்கக் கத்துக்கோ" என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். அந்தப் பொறுமையோடு நாங்கள் யாரும் அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இப்போது தினமும் இரண்டு மேட்ச் என்று ஒப்பந்தம். இரவு எட்டு மணிக்குப் போனில் நான் கணக்குச் சொல்லித் தருகிறேன். பாஸ் மார்க் இன்னும் வரவில்லை. ஆனால் என் அழைப்பை அவன் தவறவிடுவதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனைப் பிடுங்கும் முன், அவன் அதில் எதைத் தேடுகிறான் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.