கொரோனாவில் திறந்த டொல்பின் பருவம்

வியாபாரிக்கு ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. புடவைக் கடைக்காரருக்கு அது நோன்பு மாதத்தில் பிறக்கிறது. உப்பளக்காரருக்கு வெயில் ஏறும்போது பிறக்கிறது. கற்பிட்டிப் படகுக்காரருக்கோ சோழகம் ஓய்ந்து வாடை தொடங்கும்போதுதான் புது ஆண்டு. அந்த ஆண்டுப் பிறப்பு மேல் மாகாணத்துக்குப் பூட்டுப் போட்டிருந்த வேளையில் வந்தால் என்ன செய்வது? 2020 நவம்பரில் எமது கடலோரத்துக்கு இந்தக் கேள்விதான் வந்தது. அதற்குக் கிடைத்த விடைகள் இன்றைக்கும் எல்லாப் பருவ வியாபாரிகளுக்கும் பயன்படக்கூடியவை.

முதலில் தொழிலின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் எமது மேற்குக் கடல் கொந்தளிக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் படுத்துக் கிடக்கும். கண்டக்குழி, ஆலங்குடா கரைகளிலிருந்து அதிகாலையில் புறப்படும் பைபர் படகுகள் உல்லாசப் பிரயாணிகளை டொல்பின் பார்க்க அழைத்துச் செல்லும் காலம் அதுதான். நூற்றுக்கணக்கில், சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேலாகக் கூட்டமாகத் துள்ளும் டொல்பின்கள் இங்கே உண்டு. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை திமிங்கிலங்களும் வரும். பருவத்தின் கொழுத்த மாதங்கள் அவையே.

நான் படகு ஓட்டுபவன் அல்ல. கயிறு, எஞ்சின் ஒயில், உதிரிப்பாகங்கள், லைஃப் ஜக்கட் விற்பவன். ஆனாலும் படகு கடலில் இறங்கினால்தான் என் கடன் கொப்பியில் வரவு விழும். ஆகவே பருவம் எப்போது திறக்கும் என்பது எனக்கும் வயிற்றுப் பிரச்சினைதான்.

மூன்று ஏப்ரல்கள்

கொரோனா வரும்போது படகுக்காரர்கள் ஏற்கனவே அடிபட்டிருந்தார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுத்தாக்குதல்களோடு அந்தப் பருவம் பாதியில் முடிந்தது. 2018 இல் 23 இலட்சத்தைத் தாண்டியிருந்த வெளிநாட்டுப் பயணிகளின் வருகை 2019 இல் 19 இலட்சமாகக் குறைந்தது. அடுத்த பருவத்தில் சிறிது தலை தூக்கும்போது, 2020 மார்ச் 18 ஆம் திகதி புத்தளம் மாவட்டத்தின் பல பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு போடப்பட்டது. இரண்டு நாள் கழித்து நாடு முழுவதும் ஊரடங்கு. விமான நிலையமும் மூடப்பட்டது. திமிங்கிலம் வரும் மாதத்தில் படகுகள் மணலில் கிடந்தன. 2021 ஏப்ரலில் புத்தாண்டுக்குப் பின் மூன்றாவது அலை எழுந்து அந்தப் பருவத்தின் வாலையும் அறுத்தது. தொடர்ந்து மூன்று ஏப்ரல்கள் கைவிட்டுப் போயின.

கடல் திறந்தது, வீதி மூடியது

2020 ஜூன் இறுதியில் ஊரடங்கு முற்றாக நீக்கப்பட்டது. நவம்பருக்குள் உள்நாட்டுப் பயணிகளாவது வருவார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டினார்கள், படகுகளுக்கு வர்ணம் பூசினார்கள். ஒக்டோபரில் மினுவாங்கொடைக் கொத்தணி, அதைத் தொடர்ந்து பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணி. ஒக்டோபர் இறுதியில் மேல் மாகாணத்துக்குத் தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்தது. அது நவம்பர் 9 இல் நீங்கிய பின்னும் 15 ஆம் திகதி வரை மாகாணத்தை விட்டு வெளியேறத் தடை இருந்தது. சனி, ஞாயிறில் டொல்பின் பார்க்க வரும் குடும்பங்களில் பெரும்பகுதி கொழும்பு, கம்பஹாப் பக்கத்தவை. கடல் கண்ணாடிபோல் கிடந்தது. வர வேண்டியவர்களுக்கு வீதி இல்லை.

டொல்பின் இல்லாவிட்டால் மீன் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் காலும் அதே மாதத்தில் ஒடிந்தது. பேலியகொடைச் சந்தை மூடப்பட்டதும் மீனுக்கு மொத்த வழி அடைபட்டது. மீன் சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற பயமும் பரவியது. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்டும் அளவுக்கு நிலைமை போனது. இரண்டு தொழில் வைத்திருந்தால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும் என்று எமது பெரியவர்கள் சொன்னது சரிதான். ஆனால் இரண்டும் ஒரே சந்தையை, ஒரே வீதியை நம்பியிருந்தால் அவை உண்மையில் ஒரே தொழில்தான்.

தப்பியவர்கள் யார்? மீனைக் கருவாடாக்கியவர்கள். உப்பு எமது மாவட்டத்திலேயே விளைகிறது, வெயிலுக்கும் பஞ்சமில்லை, கருவாட்டுக்கு அவசரமில்லை. ஐஸ் மீன் இரண்டு நாளில் விலை இழக்கும். கருவாடு வீதி திறக்கும்வரை காத்திருக்கும். வியாபாரத்தில் காத்திருக்கக்கூடிய சரக்கு எது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது பெரிய அறிவு.

மரீனாக்களின் கதை

மேல்நாடுகளிலும் இதே கேள்வி எழுந்தது. அங்கே படகுகள் மரீனா எனப்படும் துறைகளில் வாடகைக்குக் கட்டப்பட்டிருக்கும். எமக்கு மணல்தான் மரீனா. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2020 ஏப்ரலில் மோட்டார் படகுகளுக்குத் தடை விதித்து, அதே மாத இறுதிக்குள் எதிர்ப்புகளுக்கு மத்தியில் அதை நீக்கியது. பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஹோட்டலுக்கும் விமானத்துக்கும் பயந்த மக்கள் படகு வாங்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய மோட்டார் படகுகள் விற்பனையாகின. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளில் காணாத விற்பனை அது.

அங்கே செழித்த தொழில் இங்கே ஏன் படுத்தது? அங்கே படகு குடும்பத்தின் சொந்தச் சொத்து. தகப்பனும் பிள்ளைகளும் ஏறிப் போவார்கள். இங்கே படகு வாடகைத் தொழில். முன்பின் அறியாத ஆறு பேர் ஒரு வேனில் வந்து, ஒரு விடுதியில் தங்கி, ஒரே படகில் ஏற வேண்டும். திறந்த கடலில் காற்றுக்குக் குறைவில்லை. ஆபத்து வேனிலும் சாப்பாட்டு மேசையிலும் இருந்தது. 2021 ஜனவரி 21 இல் விமான நிலையம் பயணிகளுக்குத் திறக்கப்பட்டபோதும், அவர்கள் சுற்றுலா அதிகாரசபை அங்கீகரித்த ஹோட்டல்களில் மட்டுமே முதலில் தங்க வேண்டியிருந்தது. நாலு அறை வைத்திருக்கும் கரையோர விடுதிக்காரருக்கு அந்தக் கதவு இலகுவில் திறக்கவில்லை.

அரைப் படகு கணக்கு

இடைவெளி பேணிப் பயணிகளை ஏற்ற வேண்டும் என்று வந்தபோது பலர் கணக்குப் பார்க்காமலே தலையாட்டினார்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். ஆறு பேரிடம் ஆளுக்கு 2,000 ரூபா வீதம் 12,000 வருகிறது. எரிபொருள் 5,000, ஓட்டிக்கும் உதவியாளுக்கும் 3,000. மிச்சம் 4,000. மூன்று பேரை ஏற்றினால் வரவு 6,000. எரிபொருளோ அதே 5,000, கூலியும் அதே 3,000. சவாரிக்கு 2,000 நட்டம். எஞ்சின் ஆள் எண்ணிப் பெற்றோல் குடிப்பதில்லை.

இதற்குப் புத்திசாலிகள் கண்ட வழி, தலைக்கு விலை சொல்லாமல் படகுக்கு விலை சொல்வது. ஒரு குடும்பம், ஒரு படகு, ஒரு தொகை. வந்தவர்களுக்கும் அந்நியரோடு ஏறவேண்டிய பயமில்லை, படகுக்காரருக்கும் நட்டமில்லை. வேறு சிலர் விலையைக் குறைத்து ஆள் பிடித்தார்கள். ஒருவர் 500 குறைத்தால் பக்கத்துக்காரர் 700 குறைப்பார். அப்படிக் குறைத்த காசை எங்கே மிச்சம் பிடிப்பது? நேரத்தில் பிடிப்பார்கள். டொல்பின் கூட்டத்துக்கு நடுவே எஞ்சினை முறுக்கி ஓட்டிச் சீக்கிரம் திரும்புவார்கள். கலைக்கப்பட்ட கூட்டம் ஆழத்துக்குப் போய்விடும், அடுத்த படகுக்கு வெறும் கடல். கூட்டத்துக்குச் சமாந்தரமாக, வேகம் குறைத்துப் போவது மிருகத்துக்குச் செய்யும் தயவு மட்டுமல்ல, முதலைக் காப்பதும் ஆகும்.

சும்மா கிடந்த எஞ்சின்

2020 ஒக்டோபரில் என் கடையில் கயிறை விட அதிகம் கேட்கப்பட்டவை காபரேட்டர் கிட்டும் தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரும். காரணம் எளிது. உப்புத் தண்ணீரில் ஓடிய எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவாமல் மாதக்கணக்கில் போட்டால் குளிர்த்தும் குழாய்களில் உப்பு இறுகும். டாங்கியில் விட்ட பெற்றோல் பிசினாகிக் காபரேட்டரை அடைக்கும். இம்பெல்லரின் றப்பர் வளைந்தபடியே விறைத்துவிடும். ஊரடங்கு நாளில் வாரம் ஒருமுறை வீட்டு முற்றத்தில் பீப்பாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டவர்களுக்கு இந்தச் செலவு வரவில்லை. வருமானம் நின்ற காலத்திலும் பராமரிப்பை நிறுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கடனும் பங்கும்

கடன் விடயத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய கடனுக்குக் கீழே கோடு போட்டேன். அதைத் தனிப் பக்கமாக வைத்துக்கொண்டு, புதிய சாமானைச் சிறிது சிறிதாகக் கைக்காசுக்குக் கொடுத்தேன். பழையதற்கு மாதத் தவணை கேட்கவில்லை, சவாரிக்கு இவ்வளவு என்று பேசினேன். “நானா, இந்தக் கிழமை ஒரு சவாரிதான், இதை வச்சுக்கொள்ளுங்க” என்று 300 ரூபா தந்து போனவர்கள் உண்டு. படகு ஓடாத நாளில் கடன் கேட்டுப் போய் நிற்பதால் காசு பிறக்காது. ஆள்தான் கடைக்கு வராமல் போவார்.

இன்னொன்றையும் கவனித்தேன். மீன் தொழிலில் செலவு போக வருவதைப் பங்கு பிரிப்பது எமது கரையின் பழைய வழக்கம். சுற்றுலாப் படகில் நாட்கூலி. நெருக்கடியில் கூலிக்காரரை முதலாளி நிறுத்தினார், அவர் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார், பருவம் திறந்தபோது திரும்பவில்லை. பங்குக்கு ஓடிய படகுகளில் கிடைத்த கொஞ்சமும் எல்லோருக்கும் கொஞ்சமாகப் போனது, ஆட்களும் கலையவில்லை. டொல்பின் படகிலும் பங்கு முறையைக் கொண்டுவரலாம் என்பது என் கருத்து.

அடுத்த பருவத்துக்கு

கொரோனாவோடு சோதனை முடியவில்லை. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து, மீன் மீதான பயம் மறுபடி வந்தது. 2022 இல் எரிபொருள் வரிசை வந்தது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. 2024 இல் வெளிநாட்டுப் பயணிகள் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள் என்று மகிழ்ந்திருக்க, 2025 நவம்பர் இறுதியில், பருவம் திறக்கும் வேளை பார்த்து, டித்வா சூறாவளி எமது மாவட்டத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது.

ஆகவே பருவம் திறக்குமுன் ஒவ்வொரு படகுக்காரரும் மூன்று காரியங்களைச் செய்து வைப்பது நல்லது. ஒன்று, முற்பணம் வாங்கும்போதே, வீதி மூடினால் திகதி மாற்றித் தரப்படும் என்பதைத் துண்டில் எழுதிக் கொடுங்கள். முற்பணத்தைச் செலவழித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க முடியாமல் நின்றவர்கள் பலர். இரண்டு, கொழுத்த மாதங்களில் ஒவ்வொரு சவாரியிலும் ஒரு பங்கை எஞ்சினுக்கென்றே ஒதுக்குங்கள். மூன்று, ஒரு கரையில் ஓடும் படகுகள் எல்லாம் ஒரே விலை, முறை வைத்து ஓடுவது என்று பருவத்துக்கு முன்பே பேசி முடியுங்கள். கூட்டம் குறைந்த பின் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வாடைக்காற்று வருடம் தவறாமல் வரும். வீதி எப்போது மூடும் என்று எவராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக் கணக்கெழுதுபவரின் படகு, மூடிய பருவத்தையும் தாண்டி அடுத்த பருவத்தில் தண்ணீரில் இறங்கும்.