ஒரு தொட்டி ஐஸ் தண்ணீர்: வரவும் செலவும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடலோரத்தில் ஃபால்மத் என்று ஓர் ஊர். 1973இலிருந்து ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் அங்கே 7 மைல், அதாவது 11.3 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. 18 ஆண்டுப் பந்தயங்களின் மருத்துவப் பதிவேடுகளை ஆய்வாளர்கள் எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். ஹீட் ஸ்ட்ரோக்கில் சுருண்டவர்கள் 274 பேர். ஆண்டுக்குச் சராசரி 15. பந்தய மருத்துவக் கூடாரத்துக்குத் தூக்கி வந்தபோது உள்ளுடல் வெப்பம் சராசரி 41.4 டிகிரி செல்சியஸ். இறந்தவர் ஒருவரும் இல்லை.

பெயரில் ஸ்ட்ரோக் இருப்பதால் இதைப் பக்கவாதம் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கவாதத்தில் மூளையின் ரத்தக் குழாய் அடைக்கிறது அல்லது வெடிக்கிறது. இங்கே உடல் முழுவதுமே வேகிறது.

எங்கிருந்து வருகிறது இவ்வளவு சூடு? 70 கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 700 கிலோ கலோரி செலவாகும். ஏறக்குறைய எல்லாமே வெப்பமாகத்தான் மிஞ்சும். அந்த உடம்பை 1 டிகிரி சூடேற்ற 58 கிலோ கலோரி போதும். சூடு வெளியேறவே வழியில்லை என்றால் 12 டிகிரி ஏறிவிடும். வியர்வைதான் காப்பாற்றுகிறது: 1 லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரியை எடுத்துப் போகும். ஆவியாக வேண்டும், அதுதான் முக்கியம். புழுக்கத்தில் சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை.

ஃபால்மத்தில் செய்தது இவ்வளவுதான்: ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்தினார்கள். நிமிடத்துக்கு 0.22 டிகிரி இறங்கியது. 41.4இலிருந்து 38.9க்கு வரப் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகாது. வெறுமனே நிழலில் படுக்க வைத்தால் நிமிடத்துக்கு 0.03 டிகிரிதான், அதே இறக்கத்துக்கு 80 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். உடம்பு தாங்கும் கெடுவோ அரை மணி நேரம்.

தொட்டியில் இறக்குவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. அக்குள்களுக்கு அடியில் ஒரு துணியைச் சுற்றி ஒருவர் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்வார், தலை முழுகிவிடாதபடி. இன்னொருவர் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருப்பார். இல்லாவிட்டால் தோலை ஒட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாகிப் போர்வைபோல் மூடிக்கொள்ளும். வெப்பமானியை ஆசனவாயில்தான் வைக்க வேண்டும். நெற்றியிலும் காதிலும் பார்க்கும் அளவு ஏமாற்றும்.

இனி ஐஸ் கணக்கு. ஒருவர் உடம்பை 2.5 டிகிரி குளிர்விக்க 145 கிலோ கலோரியை எடுக்க வேண்டும். 2 கிலோ ஐஸ் உருகினாலே போதும். தொட்டித் தண்ணீருக்குத்தான் நிறைய வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் 300 லிட்டரை 8 டிகிரிக்குக் கொண்டுவர 58 கிலோ ஐஸ் பிடிக்கும். நாலரைக் கிலோ பையில் 13 பை. பைக்கு 3 டாலர் என்றால் 39 டாலர். தொட்டி, வெப்பமானி எல்லாம் சேர்த்துத் தாராளமாக 500 டாலர் என்று எழுதிக்கொள்வோம்.

அடுத்த பக்கத்தில் எழுத வேண்டியது ஓர் உயிர். 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியில் 19 வயது ஜோர்டன் மெக்நேர் தள்ளாடினார். அறிகுறி தெரிந்ததிலிருந்து அவசர உதவிக்கு அழைக்கவே 67 நிமிடம் ஆனதாகப் பின்னர் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. உள்ளுடல் வெப்பத்தை யாரும் அளக்கவில்லை. ஐஸ் தண்ணீரில் இறக்கவும் இல்லை. அந்த 67 நிமிடத்தில் ஒரே தொட்டியில் ஐந்து பேரை அடுத்தடுத்துக் குளிர்வித்திருக்கலாம். கல்லீரல் மாற்று அறுவை செய்தும் ஜூன் 13 அன்று அவர் இறந்தார். 2021இல் குடும்பத்துக்குக் கொடுத்த இழப்பீடு 35 லட்சம் டாலர். நாம் எழுதிய 500 டாலர் தொட்டிகள் 7,000 வாங்கக்கூடிய தொகை. பெற்றவர்களுக்கு அது எதை ஈடுசெய்யும்?

தாமதமாகி உயிர் பிழைத்தவர்களின் கணக்கும் உண்டு. சிறுமூளை வெந்து போனவர்களுக்கு நடை தள்ளாடும், பேச்சு குழறும். பக்கவாதம் வந்தவர்களைப் போலவே மாதக்கணக்கில் நடைப்பயிற்சியும் பேச்சுப்பயிற்சியும் தேவைப்படும்.

தொட்டி வாங்க வழியில்லாத இடத்துக்கும் ஆய்வாளர்கள் வழி கண்டிருக்கிறார்கள். ஒரு தார்ப்பாயை நாலு பேர் தூளிபோல் பிடித்து, உள்ளே 150 லிட்டர் ஐஸ் தண்ணீர் ஊற்றி ஆட்டினாலே நிமிடத்துக்கு 0.14 முதல் 0.17 டிகிரி வரை இறங்குகிறது.

விளையாட்டுத் திடலுக்குப் பொறுப்பானவர்களே, வெயிலில் ஓடிய பிள்ளை உளறினாலோ மயங்கினாலோ ஆம்புலன்ஸை உடனே அழையுங்கள். அது வந்து சேரும்வரை கைகட்டி நிற்காமல் பிள்ளையைக் குளிர்ந்த தண்ணீரில் வையுங்கள்.